செல்வின் என்பவர் இந்த வீட்டில் இல்லை

1

இளங்கோ, கயல்விழி, இதை உங்களுக்குத்தான் எழுதுகிறேன். நீங்கள் படிக்க மாட்டீர்கள் என்று தெரிந்தே எழுதுகிறேன். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் உயிரெழுத்தைத் தாண்டி மெய்யெழுத்துக்கு வருவதற்குள் உங்களில் ஒருவனுக்குக் கால்பந்து வந்துவிட்டது, இன்னொருத்திக்கு நீச்சல் வந்துவிட்டது. நான் பேச நினைப்பதைச் சொல்ல எனக்கு இங்கிலீஷ் போதாது. அதைக் கேட்க உங்களுக்குத் தமிழ் போதாது. அதனால் அரியலூரில் என்னோடு ஐடிஐ படித்த நண்பர் நடத்தும் மாத இதழுக்கு இதை அனுப்புகிறேன். ஊர்ப் பக்கம் நாலு பேர் படிப்பார்கள். அவர்களில் யாராவது உங்களிடம் போனில் சொன்னால் சரி.

நான் பெர்த் நகரத்தில் கப்பல் பட்டறை ஒன்றில் வெல்டர். சிங்கப்பூரில் சில வருஷம் இருந்துவிட்டுக் குடும்பத்தோடு இங்கே வந்து பதினாறு வருஷம் ஆகிறது. வரும்போது இளங்கோவுக்கு ஏழு வயது, கயலுக்கு நாலு.

போன மாதம் எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம் நிறைந்தது. கல்யாண நாளைக் கொண்டாடுகிற வழக்கம் என் தலைமுறையில் நம் பக்கம் கிடையாது. தேதி கேட்டால், ‘வைகாசியில ஆச்சு, பந்தல் காத்துல பறந்துச்சு’ என்பார்கள், அவ்வளவுதான். ஆனால் பிள்ளைகள் இருவரும் சேர்ந்து எங்களை மூன்று நாள் கடற்கரை ஊர் ஒன்றுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். காரில் தெற்கே மூன்று மணி நேரம்.

கிளம்புவதற்கு முந்தின நாள் கயல் சொன்னாள்: “சனிக்கிழம ஃபுல்லா பீச். சாயந்திரம் உங்களுக்கு ஒரு சேல் இருக்கு. சன்செட் சேல்.”

எனக்குத் தெரிந்த சேல் ஒன்றுதான். ஆடி மாதம் திருச்சிக் கடைவீதியில் போர்டு வைத்து, கூட்டத்தில் சட்டைப் பித்தான் அறுந்து வருமே, அது. சூரியன் மறைகிற நேரத்தில் விலை குறைப்பார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அஞ்சலையிடம் சொன்னேன். அவளும் மடக்கி வைத்திருந்த பெரிய கட்டைப்பையை எடுத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டாள்.

“எதுக்கும்மா இந்தப் பை?”

“சேல்னு சொன்னீல்ல? ரெண்டு போர்வை எடுக்கணும்.”

கயல் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். பாய்மரப் படகில் போவதற்கும் அதே பேர்தானாம். எழுத்துத்தான் வேறாம், காதுக்கு ஒன்றுதானாம். இளங்கோவும் சிரித்தான். நானும் சிரித்தேன். கப்பல் பட்டறையிலேயே இத்தனை வருஷம் இருக்கிறேன். அங்கே நாங்கள் செய்வதெல்லாம் இரும்புக் கப்பல், பாய் கட்டுகிற படகு ஒன்றுகூட எங்கள் வாசலுக்கு வந்ததில்லை.

2

சனிக்கிழமை காலை கடற்கரையில் பாய் விரித்துக் குடை நட்டு உட்கார்ந்தோம். கூட்டம் அதிகமில்லை. தண்ணீர் அடி மணல் தெரிகிற அளவுக்குத் தெளிவு. சுற்றிலும் எல்லோரும் அரை உடம்போடு படுத்திருந்தார்கள். நான் முழுக்கால் சட்டையும் ஷூவும் போட்டு உட்கார்ந்திருந்தேன்.

“ரிலாக்ஸ் பண்ணுங்கப்பா” என்றான் இளங்கோ.

பண்ணத்தான் பார்த்தேன். சும்மா இருப்பதை ஒரு வேலை மாதிரிச் செய்யச் சொன்னால் எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. ஷூவைக் கழற்றினேன். மறுபடி போட்டுக்கொண்டேன். பக்கத்தில் கிடந்த பிளாஸ்டிக் மூடிகளைப் பொறுக்கி ஒரு கவரில் போட்டேன். கயல், “அப்பா, அது உங்க வேல இல்ல. யாராவது பாத்தா உங்கள க்ளீனர்னு நெனப்பாங்க” என்றாள். கவரை வைத்துவிட்டேன்.

அஞ்சலை சுடிதாரை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு அலையில் நின்றாள். ஒவ்வொரு அலைக்கும் சின்னப் பிள்ளை மாதிரி கத்தினாள். முதியோர் விடுதிச் சமையற்கட்டில் எட்டு மணி நேரம் நின்று வருகிற கால்கள். அவள் சந்தோஷம் நிஜம். இந்தக் கட்டுரையில் கசப்பு மட்டும் இருக்கும் என்று நினைக்கிறவர்களுக்காக அதையும் எழுதிவிடுகிறேன்.

மத்தியானம் அவள் ஹாட்பாக்ஸைத் திறக்கப் போனாள். உள்ளே புளிச்சோறு.

“அம்மா, இங்க தொறக்காத. ஸ்மெல் வரும்.”

“ஸ்மெல்லா? நல்லெண்ண வாசனடி அது. அங்க ஒருத்தன் நாய்க்கு மீனு ஊட்டிக்கிட்டு இருக்கான், அது வரல உன் மூக்குக்கு?”

 கயல் எழுந்துபோய் உருளைக்கிழங்கு வறுவல் வாங்கி வந்தாள். புளிச்சோற்றை நானும் அஞ்சலையும் காருக்குள் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

திரும்பி வந்தபோது இளங்கோ வெயிலுக்குப் பூசுகிற களிம்பை எடுத்து என் கழுத்தில் தேய்த்தான்.

“எனக்கெதுக்குடா இது? இருக்குற கருப்பு பத்தாதா?”

“வெயில் எல்லாருக்கும் ஒண்ணுதாம்ப்பா. திரும்புங்க.”

காது மடலுக்குப் பின்னால்கூட விடாமல் தேய்த்தான். நாலைந்து வருஷமாக அவன் என்னைத் தொட்டுப் பேசியதில்லை. கண்ணை மூடிக்கொண்டேன். தேய்த்து முடித்த பிறகும் கை என் தோளிலேயே இருந்தது.

“அப்பா, ஒரு விஷயம்…”

“சொல்லு தம்பி.”

“ஒண்ணுமில்ல. அப்புறம் சொல்றேன்.”

கயல் இங்கிலீஷில், ‘இப்பவே சொல்லிடு’ என்றாள். அந்த அளவு எனக்குப் புரியும். பெண் விஷயம் என்று நினைத்துக்கொண்டேன். வெள்ளைக்காரியோ, எந்த நாட்டுக்காரியோ, என்ன சாமி கும்பிடுகிறவளோ. எதுவானாலும் கோபப்படக் கூடாது என்று மனதுக்குள் ஒத்திகைகூடப் பார்த்துக்கொண்டேன். நல்ல அப்பனாக நடந்துகொள்ளத் தயாராகத்தான் இருந்தேன், ஆனால் வேறு ஒன்றுக்கு.

3

இனி எழுதப் போவதை உங்கள் இருவரிடமும் நான் இதுவரை சொன்னதில்லை.

என் அப்பா பேர் குப்பன் என்று உங்களுக்குத் தெரியும். ஏன் அந்தப் பேர் என்று தெரியாது. அவருக்கு முன்னால் பிறந்த மூன்று பிள்ளைகள் தங்கவில்லை. நாலாவதாகப் பிறந்த இவரைக் குப்பைமேட்டில் புரட்டி எடுத்துக் குப்பன் என்று கூப்பிட்டார்கள். வேண்டாத பிள்ளை என்று எமன் விட்டுவிட்டுப் போவான் என்று நம்பிக்கை. பிழைத்துக்கொண்டார். விக்கிரமங்கலம் பக்கம் ஒரு பண்ணை வீட்டில் வேலைக்கு இருந்தார். அந்த வீட்டுப் பத்து வயதுப் பையன் களத்திலிருந்து, “டேய் குப்பா” என்பான். அப்பா, “என்னங்க சின்னையா” என்று துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடுவார். நான் கூடவே நின்று பார்த்திருக்கிறேன்.

பிறகு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் கல் உடைக்கப் போனார். அரியலூர்க் கல்லை உடைத்தால் உள்ளே கிளிஞ்சலும் நத்தையும் இருக்கும். ஒரு காலத்தில் நம் ஊரே கடலுக்குள் இருந்தது என்று பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். அப்பா கடலைப் பார்க்காமலேயே செத்தார்.

நான் பிறந்தபோது செல்வராசு என்று பேர் வைத்தது அவர்தான். அம்மா சொல்லித் தெரியும். “எவன் கூப்புட்டாலும் ராசுன்னுதான் கூப்புடணும். டேய்னு ஆரம்பிச்சாலும் ராசுன்னுதான் முடிக்கணும்” என்றாராம்.

அப்புறம் பாஸ்போர்ட் வந்தது. ஊரில் நான் கு. செல்வராசு. முன்னால் நிற்பது அப்பாவின் ஓர் எழுத்து, அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. பாஸ்போர்ட் மனுவில் அந்த ஓர் எழுத்தை விரித்து எழுத வேண்டும் என்றார் திருச்சியில் எழுதிக் கொடுத்தவர். சொந்தப் பேர் செல்வராசு, குடும்பப் பேர் குப்பன். விமானத்தை விட்டு இறங்கியதிலிருந்து நான் குப்பன் ஆகிவிட்டேன். சிங்கப்பூர்ப் பட்டறையில் குப்பன். பெர்த் பட்டறையில் மிஸ்டர் குப்பன். வங்கியில், ஆஸ்பத்திரியில், வரி ஆபீஸில் மிஸ்டர் குப்பன். முதல் தடவை அப்படிக் கேட்டபோது கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். அந்தப் பேருக்கு முன்னால் மிஸ்டர் என்று ஒருத்தரும் சொல்லிக் கேட்டதில்லை.

உங்கள் அம்மாவுக்கும் உங்களுக்கும் குடும்பப் பேர் செல்வராசு, என் பேர். ஒரு வீட்டில் இரண்டு குடும்பப் பேர். இங்கே ஒவ்வொரு கவுன்டரிலும் இதுதான் தகராறு. உங்களைப் பள்ளியில் சேர்க்கப் போன அன்று, ஆபீஸிலிருந்த பெண் படிவத்தைப் பார்த்துவிட்டு, “நீங்கள் இந்தப் பிள்ளைகளுக்கு வளர்ப்புத் தகப்பனா?” என்று கேட்டாள். இல்லை, பெற்ற தகப்பன் என்றேன். பின்னே ஏன் உங்கள் பேர் வேறு என்றாள். அவள் கொடுத்த தாளில் படம் போட்டு விளக்கினேன். குப்பன், கீழே செல்வராசு, அதற்குக் கீழே இளங்கோ. பின்னால் ஏழெட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள். இளங்கோ என் சட்டையை இழுத்து, “போலாம்ப்பா, போலாம்ப்பா” என்றான். எனக்கு அந்த இழுப்பு இப்போதுதான் உறைக்கிறது.

4

சாயங்காலம் ஐந்தரைக்குப் படகுத்துறைக்குப் போனோம். வெள்ளைப் படகு, ஒற்றைப் பாய்மரம். எங்களைத் தவிர எட்டுப் பேர். படகை ஓட்டியது ஒரு பெண், நாற்பது வயதிருக்கும், வெயிலில் வெந்து சிவந்த முகம். உயிர்காப்பு உடுப்பு மாட்டிவிட்டாள். ஏறியதும் நான் கைப்பிடிக் கம்பியின் வெல்டைத் தடவிப் பார்த்தேன். சுத்தமான வேலை. யாரோ பொறுமையான ஆள் செய்திருக்கிறான்.

அவள் தாளைப் பார்த்துப் பேர் வாசித்தாள். முன்பதிவு செய்தது இளங்கோ, எல்லாப் பேரையும் அவன்தான் கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்தான்.

“குப்பன், ஒருவர்.” கை தூக்கினேன்.

“செல்வ… ரசூ, இரண்டு.” அஞ்சலையும் கயலும் தூக்கினார்கள்.

“செல்வின், ஒருவர்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சந்தோஷத்தில்தான்.

“அஞ்சல! நம்ம வூட்டுக்கு யாரோ ஒரு ஆளோட லெட்டர் தப்பா வந்துக்கிட்டு இருக்கு, அந்த செல்வின் இந்தப் போட்லயே இருக்கான்!”

அஞ்சலை என் கையைப் பிடித்தாள். “உக்காருங்க.”

“இரு, சொல்லிடறேன். பாவம், தேடிக்கிட்டு இருப்பான்.”

எழுந்து நின்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சத்தமாகக் கேட்டேன்: மிஸ்டர் செல்வின் யாரு, உங்க லெட்டர் என் வூட்டுக்கு வருது. எதிரே தொப்பி போட்ட ஒரு பெரியவர் சிரித்துத் தலையாட்டினார், தான் இல்லை என்று. நான் இன்னொருவரைப் பார்த்தேன். ஓட்டுகிறவளும் தாளிலிருந்து தலை நிமிர்ந்து தேடினாள். “இயன் செல்வின்?”

எனக்குப் பக்கத்தில் ஒரு கை தோள் உயரத்துக்கு எழுந்து இறங்கியது.

“நாந்தாம்ப்பா” என்றான் இளங்கோ.

விளையாடுகிறான் என்று நினைத்துச் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. கயல் குனிந்து தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எத்தன லெட்டர் வந்துச்சு?” என்று கேட்டான்.

“மூணு.”

“எங்க அது?”

“திருப்பி அனுப்பிட்டேன்.”

அனுப்பினேன். எழுத்துப் பிழை வராமல் போனில் தட்டிச் சரிபார்த்து, பட்டறையில் இரும்புத் தகட்டில் குறிக்கிற மார்க்கரால், ‘இந்தப் பேரில் இந்த வீட்டில் ஆள் இல்லை’ என்று இங்கிலீஷில் பெரிய எழுத்தில் மூன்றிலும் எழுதி, வேலைக்குப் போகிற வழியில் தபால் பெட்டியில் போட்டேன். நேர்மையான காரியம் செய்த திருப்தி எனக்கு.

“அது என் லைசென்ஸ்ப்பா! என் பேங்க் கார்டு! பேங்குக்கு ரெண்டு தடவ போன் பண்ணேன். அந்த வூட்ல அப்படி ஆளே இல்லன்னு எழுதி வந்துடுச்சுங்குறான். பக்கத்து வூட்டுக் கெழவன் வேலைன்னு நெனச்சு அவன்கிட்ட பேசறதையே நிறுத்திட்டேன்.”

கயலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

“உனக்குத் தெரியுமா அஞ்சல?”

“பேரு மாத்துனது தெரியும். லெட்டரு தெரியாது. அவனே சொல்றேன்னான், ரெண்டு மாசமா சொல்லிக்கிட்டு இருக்கான்.”

இரண்டு மாதம். என்னைத் தவிர வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

படகு துறையை விட்டு வெளியே வந்ததும் எஞ்சினை நிறுத்திப் பாயை ஏற்றினாள். காற்று பிடித்ததும் படகு ஒருபக்கம் சாய்ந்தது. எல்லோரும் ஆ என்றார்கள். சத்தமே இல்லாமல் படகு போயிற்று, பக்கவாட்டில் தண்ணீர் கிழிபடுகிற ஓசை மட்டும். அவள் என்னைப் பார்த்து, “மிஸ்டர் குப்பன், இந்தக் கயிற்றைக் கொஞ்சம் பிடிக்கிறீர்களா?” என்றாள். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அதனால் இளங்கோவுக்கு முகம் கொடுக்காமல் பேச முடிந்தது.

“யாரக் கேட்டுடா மாத்துன?”

“கேட்டா வேணாம்பீங்க.”

“அதனால கேக்கல?”

“ஆமா.” பிறகு சொன்னான்: “படிச்சு முடிச்சு எட்டு மாசம்ப்பா. ஒரு எடத்துலயும் கூப்புடல. அதே பேப்பர், அதே மார்க்கு, பேர மட்டும் மாத்திப் போட்டேன். அந்த வாரமே கூப்புட்டாங்க.”

“அதுக்கு அப்பன் பேர அழிச்சிட்டியா?”

“அழிக்கல. உங்க பேருதான் அது. செல்வராசு, செல்வின். சின்னதாக்கியிருக்கேன். செல்வம் உள்ள இருக்குல்ல?”

“ராசு எங்கடா?”

அவன் விழித்தான். ராசுவில் என்ன இருக்கிறது என்று அவனுக்கு எப்படித் தெரியும்? டேய் குப்பா என்ற குரலை நான் அவனிடம் சொன்னதே இல்லை. தாத்தா விவசாயம் பார்த்தார், அப்புறம் கம்பெனியில் வேலை செய்தார் என்றுதான் சொல்லி வளர்த்திருந்தேன். களமும் கல்லும் அவனுக்குத் தெரிய வேண்டாம் என்று மறைத்தது நான்தான்.

“பரம்பரப் பேருடா அது” என்றேன். 

“பரம்பரையா? உங்க தாத்தா பேரு என்னப்பா?”

கயிற்றைக் கையில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டேன்.

“குப்பனோட அப்பா பேரு. சொல்லுங்க.”

அப்பா அவரை ‘எங்கய்யா’ என்றுதான் சொல்வார். ஊரில் வேறு எப்படியோ கூப்பிட்டிருப்பார்கள். நிலம் இருந்திருந்தால் ஒரு பட்டாவிலாவது அந்தப் பேர் இருந்திருக்கும். சொந்தமாக ஒரு குழி நிலம்கூட இல்லாதவரின் பேரை யார் எழுதி வைத்திருப்பார்கள்? அஞ்சலையைப் பார்த்தேன். அவளுக்கு எப்படித் தெரியும்?

“தெரியாது” என்றேன்.

அவன் ஜெயித்துவிட்ட மாதிரி முகத்தை வைத்துக்கொள்ளவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. “பரவால்லப்பா” என்றான், என் கழுத்தில் களிம்பு தேய்த்த அதே குரலில். நான் கயிற்றை இறுக்கினேன். ஓட்டுகிறவள், மிஸ்டர் குப்பன், கொஞ்சம் தளர்த்துங்கள் என்றாள்.

“ரெண்டு பேரும் வாய மூடிக்கிட்டு வாங்க” என்றாள் அஞ்சலை. “எவ்வளவு நல்லா காத்து வருது. இனி எந்தக் காலத்துல இதுல ஏறப் போறோம்?”

சூரியன் தண்ணீரைத் தொட்டதும் எல்லோரும் போனை எடுத்தார்கள். தொப்பிக்காரப் பெரியவர் எங்கள் நால்வரையும் நிற்க வைத்துப் படம் எடுத்துக் கொடுத்தார். அதில் நான் கயிற்றோடு நிற்கிறேன். பார்க்கிறவர்கள் நான்தான் படகை ஓட்டினேன் என்று நினைப்பார்கள்.

5

திரும்பி வந்த பிறகு வீட்டில் இதைப் பற்றிப் பேச்சில்லை. இளங்கோ அடுத்த திங்கட்கிழமை வேலையில் சேர்ந்தான். சுரங்கக் கம்பெனிதான். கழுத்தில் மாட்டுகிற அட்டையை வீட்டு வாசலிலேயே கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு உள்ளே வருகிறான். எனக்காகச் செய்கிறான் என்று தெரிகிறது. அதை நினைத்தால் இன்னும் கசக்கிறது. சொந்த வீட்டுக்குள் வர, ஒரு பிள்ளை தன் பேரைக் கழற்றி வைக்க வேண்டியிருக்கிறது.

அவன் மேல் கோபம் இல்லை என்று எழுதினால் பொய். கோபம் இருக்கிறது. செல்வின் யார்? அவன் எந்த ஊர், யார் மகன்? நாளைக்கு இளங்கோவுக்குப் பிறக்கும் குழந்தை செல்வின் என்ற பேரில் பள்ளிக்குப் போகும். கவுன்டரில் யாரும் படம் போடச் சொல்ல மாட்டார்கள். சட்டையைப் பிடித்து இழுக்க வேண்டியிருக்காது. அதுவும் தெரிகிறது. என் அப்பா எனக்குப் பேர் வைத்தபோது நினைத்ததற்கும் இவன் நினைத்ததற்கும் தூரம் எவ்வளவு என்று யோசித்துப் பார்க்கிறேன். அதிகம் இல்லை போலிருக்கிறது. அப்பா தன் பிள்ளைக்குச் செய்தார். இவன் தனக்குத்தானே செய்துகொண்டான். செய்திருக்க வேண்டியவன் நான் என்று அவன் ஒரு நாளும் சொல்லவில்லை.

அரியலூரில் இருக்கும் அத்தை மகனுக்குப் போன் செய்து, தாத்தா பேர் தெரியுமா என்று கேட்டேன். “என்ன மச்சான் திடீர்னு? ஏதாச்சும் சர்ட்டிபிகேட் எடுக்கணுமா?” என்றான். அவனுக்கும் தெரியவில்லை. தெரிந்தவர்கள் யாரும் உயிரோடு இல்லை.

போன வியாழக்கிழமை எனக்கு விடுமுறை. அஞ்சலை வேலைக்குப் போயிருந்தாள், பிள்ளைகளும் இல்லை. பதினோரு மணிக்கு அழைப்பு மணி அடித்தது. தபால்காரர். கையெழுத்து வாங்கிக் கொடுக்கிற தபால். கவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“மிஸ்டர் செல்வின்?”

இல்லை, அது என் மகன் என்று சொல்லலாம். அடையாள அட்டை கேட்பார், குப்பன் என்று இருக்கும், அப்புறம் மறுபடி ஒரு தாள், ஒரு படம். இல்லை, அப்படி யாரும் இல்லை என்றும் சொல்லலாம். அந்த இங்கிலீஷ் எனக்கு நன்றாகவே வரும்.

“யெஸ்” என்றேன்.

கைக்கருவியின் கண்ணாடியை நீட்டினார். விரலால், நான் எப்போதும் போடுகிற தமிழ்க் கையெழுத்தைப் போட்டேன். அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை. கவரை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினேன்.